நீ போ மக்கா, நான் சொல்லிக்கிடுதேன்

நர்சிங் கடைசி வருஷத் தேர்வில், நல்ல தலைமைக்குரிய பண்புகளை விளக்குக என்று ஒரு கேள்வி வந்தது. ஐந்து எழுதினால் போதும். நான் ஒன்பது எழுதினேன். எனக்குப் பேனா ஓடத் தொடங்கினால் நிற்காது. முடிவெடுக்கும் திறன், பொறுப்பேற்றல், கீழே இருப்பவர்களைக் காது கொடுத்துக் கேட்டல் என்று ஒவ்வொன்றாக எழுதி, அடியில் கோடும் போட்டுவிட்டு வந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அந்த ஒன்பதும் வெள்ளை உடை உடுத்தி என் எதிரே நடந்து வந்ததைப் பார்த்தேன். எங்கள் வார்டு இன்சார்ஜ். டாக்டர்கள் முன்னால் சிஸ்டர் என்போம். அவர்கள் நகர்ந்ததும் அக்கா.

அக்காவுக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். டெல்லிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்தியை டெல்லிக்காரியாகவே பேசுவார். தமிழுக்குத் திரும்பினால் ஊர் அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் எல்லோரையும் மக்கா என்பார். கிறிஸ்துமஸ் அன்று தன் பெயரை டியூட்டியில் போட்டுக்கொண்டு, வார்டிலிருந்த கிறிஸ்தவப் பெண்களையெல்லாம் ஆராதனைக்கு அனுப்பிவைத்தார். “நான் இங்கனயே ஜெபிச்சுக்கிடுவேன், கர்த்தருக்கு இந்த வார்டு நம்பர் தெரியும்” என்றார். ஒருமுறை ஜூனியர் டாக்டர் ஒருவர் என் தோழியைப் பார்த்து, ஊசி போடக்கூடத் தெரியாதா என்று நோயாளிகள் எதிரில் கத்தினார். அக்கா கையிலிருந்த டிரேயைக் கீழே வைத்துவிட்டு இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். “டாக்டர் சாப், இந்தப் பெண்களுக்கு இன்சார்ஜ் நான். கத்துவதாக இருந்தால் என்னைப் பார்த்துக் கத்துங்கள்” என்று இந்தியில், குரலை உயர்த்தாமல் சொன்னார். டாக்டர் கத்தவில்லை. அன்று இரவு வீட்டுக்குப் போய் அதை அம்மாவிடம் நடித்தே காட்டினேன். டாக்டராகவும் நான்தான், அக்காவாகவும் நான்தான்.

என் வீடு லோதி ரோட்டில். அப்பாவுக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை, இருந்தது அரசுக் குடியிருப்பில். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன், தெருவில் இந்தியில் விளையாடினேன். ஆக எனக்கு இரண்டும் சரளம். என் தோழி அப்படியில்லை. தூத்துக்குடியிலிருந்து நேராக வந்தவள். கோல் மார்க்கெட் பக்கம் ஒரு அறையில் நாலு நர்சுகளோடு இருந்தாள். அவளுடைய இந்தி அச்சாவில் தொடங்கி டீக் ஹையில் முடிந்துவிடும். ஆங்கிலம் புத்தகத்தில் இருந்தது. வாய்க்கு வர மறுத்தது. ஆனால் நோயாளியைப் பார்க்கிற கண் அவளுக்கு இருந்த மாதிரி எங்களில் யாருக்கும் இல்லை. ஒருவர் சோற்றைத் தட்டில் ஒதுக்குகிற விதத்தை வைத்தே, அவருக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுவாள்.

எங்கள் வார்டில் பகல் இரண்டு மணிக்குக் காலை ஷிப்ட் முடியும். போகிறவள் வருகிறவளைக் கட்டில் கட்டிலாகக் கூட்டிப்போய், யாருக்கு என்ன கொடுத்தாயிற்று, எதைக் கொடுக்கக் கூடாது, யாரைக் கவனிக்க வேண்டும் என்று வாயால் ஒப்படைக்க வேண்டும். ஹேண்டோவர் என்போம். வார்டுக்குள் இந்தியும் ஆங்கிலமும் மட்டுமே பேச வேண்டும் என்று மேட்ரன் போட்ட சுற்றறிக்கை நர்சுகள் மேஜைக்கு மேலே ஒட்டியிருந்தது. ஆகவே என் தோழி எல்லாக் கட்டிலுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தைச் சொல்லுவாள்: பேஷண்ட் இஸ் ஸ்டேபிள். பிறகு உடை மாற்றும் அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏட்டி, அந்த ஜன்னலோர தாத்தாவுக்கு காலையிலேர்ந்து மூத்திரம் கம்மியாப் போவுது, கொஞ்சம் பாத்துக்கோ” என்பாள்.

ஒருநாள் அதை அக்கா கேட்டுவிட்டார். அலமாரிக்குப் பின்னால் இருந்திருக்கிறார்.

“ஏன் மக்கா, இத கட்டில்கிட்ட நிக்கும்போது சொன்னா என்ன?”

தோழி தரையைப் பார்த்தாள். “இங்கிலீசுல வரல்லக்கா.”

“அப்ப வருத பாஷைல சொல்லு. மிச்சம் வைக்காம எந்த பாஷைல சொல்ல வருமோ, அதுல சொல்லு.”

“சுவத்துல ஒட்டிருக்காங்களேக்கா?”

“அது சுவத்துக்கு ஒட்டினது. மேல இருந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன். என் வார்டுல என்ன நடந்தாலும் முதல்ல எங்கிட்ட வந்து சொல்லணும், அவ்வளவுதான். மறைக்கப்பிடாது. மறைக்காதவளுக்கு நான் நிப்பேன்.”

மறைக்காதவளுக்கு நான் நிப்பேன். எனக்குப் புல்லரித்துவிட்டது. பாடப்புத்தகத்தில் அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்ததை அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்த ஒருவர் மூன்றே சொல்லில் முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வார்டில் ஹேண்டோவர் தமிழில் நடந்தது. காலை ஷிப்டில் தோழி, சாயங்கால ஷிப்டில் நான். என்னோடு சாயங்கால ஷிப்டில் ஹரியானாக்காரி ஒருத்தி இருந்தாள். ஆறு கட்டில் எனக்கு, ஆறு கட்டில் அவளுக்கு. தோழி பன்னிரண்டையும் என்னிடம் தமிழில் சொல்லுவாள். ஹரியானாக்காரியின் ஆறை நான் உடனே இந்தியில் அவளிடம் சொல்லுவேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். ஹரியானாக்காரி இடுப்பில் கை வைத்து நின்று, “ஷுரூ ஹோ கயா மதராஸ் ரேடியோ” என்பாள், மதராஸ் ரேடியோ ஆரம்பித்தாயிற்று என்று. நான், “சுனோ, அப் தில்லி ஸ்டேஷன்”, கேள், இனி டெல்லி நிலையம் என்று ஆரம்பிப்பேன். அவளுக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது என்பது இப்போது புரிகிறது. அவளுடைய நோயாளிகளைப் பற்றி அவள் எதிரிலேயே அவளுக்குப் புரியாமல் பேசினோம். அப்போது எனக்கு அது ஒரு சாதனையாகத்தான் தெரிந்தது.

அது நவம்பர். புகைமூட்டத்துக்காக ஜன்னல்களையெல்லாம் அடைத்திருந்தார்கள். வார்டு நிறைய மூச்சுத்திணறல் கேஸ்கள். அன்று காலை ரவுண்டில் பெரிய டாக்டர், கதவோரக் கட்டில் அங்கிளுக்கு ரத்த அழுத்தம் குறைவாக இருக்கிறது, சாயங்காலம் பிரஷர் மாத்திரை வேண்டாம் என்று வாயால் சொல்லிவிட்டு, பிறகு வந்து எழுதுகிறேன் என்று போய்விட்டார். வந்து எழுதவில்லை. இது எல்லா வார்டிலும் நடப்பதுதான். எழுதாததைச் சொல்லிக் காப்பாற்றத்தானே ஹேண்டோவர் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

தோழி அதை என்னிடம் சரியாகச் சொன்னாள். “கதவோரத்து அங்கிளுக்கு சாயங்காலம் பிரஷர் மாத்திரை கெடையாது. சார்ட்டுல இருக்கும், குடுத்துராதீங்க. டாக்டர் வாயால சொன்னது.” அது ஹரியானாக்காரியின் கட்டில். அவள் அப்போது ஒருவருக்கு மூச்சுத்திணறலுக்கான நெபுலைசர் மாட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் போவதற்குள் அக்கா என்னைக் கூப்பிட்டார். ஒரு நோயாளியை ஸ்கேனுக்குக் கீழே கொண்டுபோக வேண்டும், லிஃப்ட் வந்து நிற்கிறது, ஜல்தி, சீக்கிரம் என்றார்.

“அக்கா, கதவோர கட்டிலுக்கு பிரஷர் மாத்திரை நிறுத்தியிருக்கு. அவகிட்ட இன்னும் சொல்லலை.”

“நீ போ மக்கா, நான் சொல்லிக்கிடுதேன்.”

நான் போனேன். அக்கா சொல்லிவிடுவார் என்பதில் எனக்கு ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை. தோழி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஸ்கேனில் கூட்டம், சாயங்காலம் வரை கீழேயே நிற்க வேண்டியிருந்தது. நான் திரும்பி வந்தபோது கதவோரக் கட்டிலைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். அங்கிள் பாத்ரூம் போக எழுந்தவர் தலைசுற்றி வாசலில் உட்கார்ந்துவிட்டார். ஹரியானாக்காரி சார்ட்டைப் பார்த்து மாத்திரையைக் கொடுத்திருந்தாள். அவள் வேறு என்ன செய்வாள்? கால்களை உயர்த்திப் படுக்க வைத்தோம், சலைன் ஏற்றினோம். இரவுச் சாப்பாட்டுக்குள் அங்கிள் தெளிந்து, சப்பாத்தி ரப்பராக இருக்கிறது என்று குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஆனால் அவருடைய மகன் தெளியவில்லை. எழுத்தில் புகார் கொடுத்துவிட்டார்.

அக்காவைப் பார்த்தேன். மருந்து அலமாரிப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. மறந்துவிட்டார், அவ்வளவுதான். ஒரு பகலில் முப்பது பேர் முப்பது விஷயத்தைச் சொல்லுகிற மேஜையில் ஒன்று நழுவிவிட்டது. எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. நாளைக்கு மேட்ரன் எதிரில் அக்கா எப்படிச் சொல்லுவார் என்றுகூட மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். சொல்ல வேண்டியது என் பொறுப்பு மேடம், மறந்துவிட்டேன். அதே உயராத குரலில்.

மறுநாள் காலை தோழி வெளிறிப்போய் வந்தாள். அவளுக்கு வேலை நிரந்தரமாவதற்கு ஒரு மாதம்தான் இருந்தது. அதற்குள் பேரில் ஏதாவது கறை விழுந்தால் ஊருக்குப் போக வேண்டியதுதான். ஊரில் அவளுக்கு ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவள் போட்டிருந்த தடை ஒன்றே ஒன்று: டெல்லியில் வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் பேசலாம்.

“ஏட்டி, நான் இங்கிலீசுலதான் ஹேண்டோவர் குடுத்தேன்னு சொல்லிரட்டா?” என்றாள். “தமிழுல சொன்னேன்னா சர்க்குலர மீறினதா ஆயிரும்லா.”

“பொய் எதுக்குடி? நீ ஒரு தப்பும் பண்ணலை. சரியா எங்கிட்ட சொன்னே. நான் அக்காகிட்ட சொன்னேன். தமிழ்ல சொல்லச் சொன்னதே அக்கா.”

“அக்கா அத மேட்ரன்கிட்ட சொல்லுவாங்களா?”

“அக்காவாடி சொல்ல மாட்டாங்க! நீ மறைக்காம சொல்லு, போதும். அவங்க நிப்பாங்க.”

“நெசமாவா?”

“ப்ராமிஸ்.”

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சரி என்றாள்.

மேட்ரன் அறையில் தோழி, ஹரியானாக்காரி, நான் என்று மூவரும் நின்றோம். மேஜைக்கு அந்தப் பக்கம் மேட்ரன், அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அக்கா. எங்களுக்கு நாற்காலி இல்லை. மேட்ரன் முதலில் தோழியைக் கேட்டார். அவள் நான் சொல்லிக் கொடுத்தபடியே, உடைந்த இந்தியில், ஆமாம் மேடம், தமிழில்தான் சொன்னேன், ஆனால் எல்லாவற்றையும் சொன்னேன் என்றாள். மேட்ரன் அக்கா பக்கம் திரும்பினார். சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறதே சிஸ்டர், உங்கள் வார்டில் இது எப்படி என்றார்.

அக்கா தன் கைக்கடிகாரத்தின் பட்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு இந்தியில், “எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன் மேடம். கேட்பதில்லை. ஊரிலிருந்து புதிதாக வருகிற பெண்கள், பழக்கத்தை விட மறுக்கிறார்கள்” என்றார்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. இந்தி புரிந்தது. அதைச் சொல்லுகிறவர் அக்கா என்பதுதான் புரியவில்லை. ஏதோ முன்னுரை, இதற்கடுத்துத் திரும்பி உண்மைக்கு வருவார் என்று காத்திருந்தேன். அவர் வரவில்லை. தோழி என் பக்கம் திரும்பினாள். அவளுக்கு அந்த இந்தி முழுதாகப் புரிந்திருக்காது. மொழிபெயர்ப்புக்காக என் முகத்தைப் பார்த்தாள். தினமும் பன்னிரண்டு கட்டிலை மொழிபெயர்த்த எனக்கு அந்த ஒரு வாக்கியத்தை அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

என் நாக்கு அப்போதுதான் விழித்தது. “மேடம், தமிழில் சொல்லச் சொன்னது சிஸ்டர்தான். நேற்று நான் கீழே போகும்போது, மாத்திரை விஷயத்தை இவளிடம் தானே சொல்லிவிடுவதாகவும் சிஸ்டர்தான் சொன்னார்” என்று ஹரியானாக்காரியைக் காட்டி இந்தியில் படபடவென்று கொட்டினேன்.

அக்கா என்னைப் பார்த்தார். கோபமில்லை, கண்ணை விலக்கவும் இல்லை. “மைனே ஐசா கப் கஹா?”

நான் எப்போது அப்படிச் சொன்னேன்? இந்தியில் கேட்டார். என்னோடு அதுவரை அவர் இந்தியில் பேசியதே கிடையாது. நான் தமிழில், “அக்கா, லிஃப்ட் நின்னுச்சு, ஜல்தின்னீங்க. நீ போ மக்கான்னு சொன்னீங்களே” என்றேன். என் குரல் சின்னப் பிள்ளையுடையது போல் போய்விட்டது. மேட்ரன் மேஜையைத் தட்டி, இங்கேயே தமிழா என்றார். என் சாட்சி அதோடு முடிந்தது.

அப்போது ஹரியானாக்காரி வாயைத் திறந்தாள். எங்களுக்காக அவள் பேசுவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. “மாத்திரை பற்றி என்னிடம் யாரும் சொல்லவில்லை மேடம். ஆனால் இவர்கள் தமிழில் பேசுவது தினமும் நடப்பதுதான். சிஸ்டர் எதிரில்தான் நடக்கும். எனக்குப் பிடிக்கவில்லை என்று சிஸ்டரிடமே சொன்னேன். ‘மேரி ஸிம்மேதாரி ஹை’ என்றார்கள்.” என் பொறுப்பு என்றாராம். அந்தச் சொல்லை அவளுக்கும் கொடுத்திருக்கிறார்.

மேட்ரன் அவளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மேஜையிலிருந்த புகாரைப் பார்த்தார். இருபது வருஷத்து இன்சார்ஜ் ஒரு பக்கம், ஒரு மாதத்தில் நிரந்தரமாக வேண்டிய பெண் ஒரு பக்கம். புகார் கொடுத்தவருக்கு யாரையாவது காட்டியாக வேண்டும். நீங்கள் போகலாம் என்றார்.

தோழியின் வேலை நிரந்தரமாகவில்லை. ஹரியானாக்காரியையும் என்னையும் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அக்காவுக்கு ஒன்றுமில்லை.

தோழி அறையைக் காலி செய்த அன்று கோல் மார்க்கெட் போனேன். பெட்டியை மூடிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். அக்காவைத் திட்டித் தீர்த்தேன். எனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் திட்டினேன்.  நான் முடித்ததும்தான் அவள் சொன்னாள்.

“அக்காவ நான் நம்பலட்டி. அவ்வளவு பெரியவங்க எனக்காக நிப்பாங்கன்னு எனக்கு எப்பவுமே தோணல. நான் உன்னையத்தான் நம்புனேன்.”

ரயில் நிலையத்துக்கு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். அதற்கப்புறம் நான் அனுப்புகிற செய்திகளுக்கு ஒரு கட்டைவிரல் குறி மட்டும் வருகிறது. சில நாள் அதுவும் இல்லை.

அக்கா என்னை மாடிப்படியில் பிடித்தார், இரண்டு வாரம் கழித்து. தமிழ் திரும்பியிருந்தது.

“எம்மேல கோவமா இருக்க மக்கா.”

நான் ஒரு படி இறங்கினேன்.

“நான் மறந்துட்டேம்னு சொல்லிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா? என்னைய எடுத்துட்டு வேற ஒருத்திய இன்சார்ஜா போடுவாங்க. அவ உங்களுக்கு கிறிஸ்துமஸ் லீவு குடுப்பாளா? டாக்டர் கத்தினா நடுவுல வந்து நிப்பாளா? நான் போயிட்டா இத்தன பிள்ளைகள யாரு பாத்துக்கிடுவா?”

“ஒரு பிள்ளை போயிட்டாளே, சிஸ்டர்.”

அந்த சிஸ்டர் அவருக்குச் சுருக்கென்று பட்டது. நிஜமாகவே பட்டது, கண் கலங்கினார். அதுதான் என்னை இன்னும் குழப்புகிறது. மோசமான மனுஷியாக இருந்திருந்தால் மறந்துவிட்டுப் போயிருப்பேன். பிறர் தவறுக்கு முன்னால் போய் நிற்க அவருக்கு எப்போதும் தைரியம் இருந்தது. டாக்டரின் கோபத்துக்கும் நோயாளியின் கோபத்துக்கும் நெஞ்சைக் காட்டினார். தன் மறதிக்குக் காட்ட வேண்டியிருந்தது ஒரே ஒரு தடவை. என் ஒன்பது பண்புகளில் எட்டு அந்தத் தடவைக்குத் தேவைப்படவே இல்லை.

போன மாதம் சாயங்கால ஷிப்டுக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். சிபாரிசு அக்காவுடையது. எனக்கு இந்தி நன்றாக வருகிறது, சுறுசுறுப்பு, பொறுப்பான பெண் என்று எழுதிக் கொடுத்தாராம். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அந்த இடத்தில் வேறு யாரோ நிற்பதைப் பார்க்கப் பொறுமை இல்லை என்பது ஒன்று. எனக்கு ஆசையும் இருந்தது.

காலை ஷிப்டில் இப்போது ஒரு புதுப்பெண். மதுரைப் பக்கம், ஒல்லி, கொஞ்சம் பயந்த கண். வார்டில் தமிழ் கிடையாது. மேட்ரன் சுற்றறிக்கையைப் பெரிய எழுத்தில் மறுபடி ஒட்டியிருக்கிறார். நேற்று பகல் இரண்டு மணிக்கு அவள் கட்டில் கட்டிலாக வந்தாள். பேஷண்ட் இஸ் ஸ்டேபிள். பேஷண்ட் இஸ் ஸ்டேபிள். ஜன்னலோரக் கட்டிலில் மட்டும் அரை நொடி நின்று, நோயாளியின் கால் வீக்கத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். அந்த அரை நொடி எனக்குத் தெரியும்.

உடை மாற்றும் அறைக்கு அவள் பின்னாலேயே போனேன். அவள் பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தமிழில் கேட்டேன்.

“அந்தக் கால்ல என்ன பாத்தே?”

“ஒண்ணுமில்ல சிஸ்டர்.”

“சும்மா சொல்லு.”

“சொன்னா எதும் பிரச்சனை வருமா?”

அந்த இடத்தில் சொல்ல வேண்டிய வாக்கியம் எனக்கு மனப்பாடம். மூன்றே சொல். நாக்கு நுனி வரை வந்தது. அதை நம்பித்தான் ஒருத்தி பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். சொல்ல முடியவில்லை.

“எனக்குத் தெரியலை. வரலாம்” என்றேன். “வா, ரெண்டு பேருமா போய்ப் பாப்போம். நீ தமிழ்ல சொல்லு. ஹரியானாக்காரிகிட்ட இந்தியில நான் இப்பவே சொல்றேன், நீ நிக்கும்போதே.”

அவள் யோசித்தாள். பின்னலை மறுபடி முடிந்துகொண்டு வந்தாள். என்னை நம்பி வந்தாளா, நான் மேலதிகாரி என்பதால் வந்தாளா, தெரியவில்லை. கட்டிலின் இந்தப் பக்கம் நாங்கள் இருவரும், அந்தப் பக்கம் ஹரியானாக்காரி. புதுப்பெண் வாயைத் திறந்ததும் அவள் வழக்கம்போல் இடுப்பில் கையை வைத்தாள். ரேடியோ என்று சொல்லவில்லை. நான் ஒவ்வொரு வாக்கியமாக இந்தியில் சொன்னேன். மேஜையிலிருந்து அக்கா எங்களையே பார்த்துக்கொண்டிருப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. நான் திரும்பவில்லை.